முயல் காதுப் பெட்டி

நவம்பரில் வாங்கினேன், நான்கு யூரோ,
ரீகாவின் பழைய சாமான் சந்தையில்.
ஒன்று தொட்டிலருகே, ஒன்று அடுப்படியில்,
முயல் காது வைத்த வெள்ளைப் பெட்டிகள்.
விற்றவள் சொன்னாள்: "மூச்சு விட்டால்கூடக் கேட்கும்."
யாருடைய மூச்சு என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனவரி. நான்கு மணிக்கே இருட்டு.
ஒன்பது மாடி, ஒரே வார்ப்பில் ஊற்றிய கான்கிரீட்.
டார்த்தா தூங்கிவிட்டாள்.
பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தேன், பெட்டி கரகரத்தது.
ஓர் ஆண் குரல்:
"அப்பாவுக்கு வேலை போய்ப் பதினோரு நாளாச்சு, கார்லிஸ்.
அம்மாகிட்ட சொல்லிடாதே."

கத்தி பாதியில் நின்றது.
என் வீட்டில் ஆண் யாரும் இல்லை.

அணைத்திருக்க வேண்டும்.
ஒலியைக் கூட்டினேன்.
இதை எழுதும்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு இரவு கேட்டேன்.
காலையில் பையோடு கிளம்பி
ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பது,
ஒரே காப்பியை மதியம்வரை குடிப்பது,
கைக்கடிகாரத்துக்கு அடகுக் கடைக்காரன் சொன்ன விலை,
நடுநடுவே தாலாட்டாக அவர் முனகும்
ஏதோ பற்பசை விளம்பரம்.

லிஃப்டில் அந்தக் குரலே நின்றது.
நான்காம் மாடி இமாண்ட்ஸ் ஸிர்னிஸ்.
"ஆபீசுக்கு நேரமாகிவிட்டது" என்றார்.
"ஆமாம், வழியெல்லாம் பனி" என்றேன்.
மனைவிக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.
எண்கள் இறங்கின, மூன்று, இரண்டு.
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

சுவருக்குக் காது உண்டு என்பது பழைய பேச்சு.
எங்கள் சுவருக்கு வாயும் முளைத்துவிட்டது.

அன்றிரவு பேய் பிடித்தவள்போல் வீட்டைச் சுற்றினேன்.
ரௌட்டரைக் கவிழ்த்தால்
தொழிற்சாலையில் ஒட்டிய அதே கடவுச்சொல்.
மூன்று வருடமாக வாசலைத் திறந்து போட்டுவிட்டு
ஜன்னலுக்குத் திரை தைத்திருக்கிறேன்.
மாற்றினேன். மறந்துபோனேன். மறுபடி மாற்றினேன்.
மடிக்கணினியின் கண்ணுக்கு
டார்த்தாவின் பிளாஸ்திரி, முள்ளம்பன்றிப் படம் போட்டது.
தொலைக்காட்சிக்கோ என் பேச்சைக் கேட்க
நானேதான் என்றோ 'சரி' அழுத்தியிருக்கிறேன்.
கொடுக்க ஒரு விரல் போதும்,
திரும்பப் பெறப் பதினாறு பக்கம்.

அப்புறம் அவர்.
கதவைத் தட்டி என்ன சொல்ல?
எச்சரித்தால் ஒட்டுக்கேட்டவள்.
எச்சரிக்காவிட்டால் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவள்.

இடது கையால் ஒரு சீட்டு எழுதினேன்:
"முயல் காதுப் பெட்டிக்குப் பூட்டு இல்லை.
அது சுவரைத் தாண்டும்.
பேசுமுன் அணைத்துவிடுங்கள்."
பெயர் போடவில்லை.
அவர் தபால் பெட்டியில் நழுவவிட்டு
திருடிபோல் மாடியேறினேன்.

மறுநாள் என் தபால் பெட்டியில்
அதே தாள். திருப்பினால்
நீல மையில் ஒரே ஒரு சொல்:
"உங்களுடையதையும்."

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
டிசம்பர் முழுக்க
தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்!
அவரும் ஒலியைக் கூட்டியிருப்பாரா?
கேட்க முடியாது. கேட்கவும் மாட்டேன்.

இப்போதும் லிஃப்டில் சந்திக்கிறோம்.
"வழுக்குகிறது" என்பார்.
"ஆமாம், வழுக்குகிறது."
பொத்தான்களைப் பார்த்தபடி இறங்குகிறோம்,
ஒருவர் வீட்டுச் சாவி
மற்றவர் பையில் கிடப்பதுபோல்.
போன வாரம் அவர் பை கனமாக இருந்தது.
வேலை கிடைத்திருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
தெரியாமல் இருப்பது எவ்வளவு இலேசாக இருக்கிறது.

டார்த்தாவிடம் மட்டும் சொன்ன அந்த ஒன்றை
எழுதத்தான் இதைத் தொடங்கினேன்.
இரண்டு முறை எழுதி அடித்தேன்.
இந்த இடத்தில் ஒரு வரி இருந்தது.